சட்டைத் துணியில் தைத்த உறை

என் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்னால் காற்றுப் போகட்டும் என்று போகிற வீடெல்லாம் வாய் வலிக்கச் சொல்லிவிட்டு வருவார். சொந்த வீட்டிலேயே ஒரு பெட்டி மூச்சுமுட்டிக் கிடந்தது அவர் கண்ணில் படவில்லை.

டிவியில் மாட்டி விளையாடுகிற, எங்கள் மகனின் கேம்ஸ் பெட்டி அது. எட்டு மாதத்துக்கு முன்னால் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். இவர் வாய்க்கு வந்ததைப் பேசினார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை இல்லை. என்னிடம் ஃபோனில், "சாப்பிட்டேம்மா, வைக்கிறேன்." எனக்கு அழுகைகூட வரவில்லை. மரத்துப்போய்த் துவைத்தேன், சமைத்தேன், படுத்தேன்.

ஆனால் ஞாயிறு நாலு மணிக்கு டிவியில் அவன் அழைப்பு வந்துவிடும். அங்கே அவன் வேறொரு பெட்டியில், இங்கே இவர். ஒரு கால்பந்து ஆட்டம். மைக் திறந்தே இருக்கும், இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இவர் தோற்றுவிட்டு எழுந்துபோய் முகம் கழுவுவார். அப்பனுக்கும் பிள்ளைக்கும் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிதான் மிக்ஸி மாதிரி இரைய ஆரம்பித்தது. பிறகு கொதித்துப்போய்ப் பாதி ஆட்டத்தில் அணைந்தது. தொடர்ந்து மூன்று ஞாயிறு.

"கோவிச்சுக்கிட்டு எழுந்து போறீங்கன்னு நினைப்பான். இனிமே கூப்பிடவே மாட்டான், பாருங்க" என்றேன்.

"நினைச்சா நினைச்சுக்கட்டும்."

சொன்ன மனுஷன் சனிக்கிழமை காலையிலேயே ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிட்டார். மூடியைக் கழற்றி, ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷால் தூசியைத் தட்டினார். சிப்பின் மேல் சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பசை காய்ந்திருந்தது; அதைத் துடைத்துப் புதுப் பசை தடவினார். பூட்டி ஓடவிட்டார். சத்தமே இல்லை. "ஆச்சு" என்று குளிக்கப் போனார்.

என் கை சும்மா இருக்குமா? காலையில் அவர் உட்காருமுன் நானே கழற்றி வைத்திருந்த உறையை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்கு மாட்டினேன். அவன் விட்டுப்போன கட்டம் போட்ட சட்டையை வெட்டி நானே தைத்தது. அவன் வரும்போது பெட்டி தூசியில்லாமல் இருக்கட்டும் என்று முன்பக்கம் மட்டும் திறப்பு வைத்து, பாக்கியெல்லாம் மூடித் தைத்திருந்தேன்.

அவர் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் மறுபடி இரைச்சல். சூட்டுக் காற்று வெளியேற வேண்டிய இடத்தில், உறையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். எட்டு மாதமாகக் கண்ணெதிரே இருந்ததுதான். அந்தச் சட்டைப் பக்கம் அவர் பார்வை போனதேயில்லை.

"எப்ப தைச்ச?"

"அவன் கிளம்பின வாரமே."

திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உறையைக் கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு நாலு மணிக்கு அழைப்பு வரவில்லை. நாலே காலுக்கு வந்தது. ஆடினார்கள். பெட்டி கப்சிப் என்று கிடந்தது. பாதி ஆட்டம் தாண்டியதும் டிவியிலிருந்து அவன் குரல் வந்தது.

"அப்பா? எப்பவும் ஒரு இரைச்சல் கேக்குமே, காணோம். இருக்கீங்களா?"

இவர் கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் உறையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கேன்டா" என்றார்.

அதற்குள் அவன் ஒரு கோல் போட்டுவிட்டான்.