கல்லறைத் தலைமாட்டில் ஒரு குங்கிலிய மரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து சில வருஷங்களில் எங்கள் மகள் காய்ச்சலில் இறந்தாள். நான்கு வயது. பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். அவள் தலைமாட்டில் வெள்ளைக் குங்கிலிய மரம் வைக்க வேண்டும் என்றாள் என் மனைவி. வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. அவள் மலைமேல் காப்பித் தோட்டத்தில் பிறந்தவள். தகப்பனார் அங்கே கணக்கர். வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுவதும் அந்த மரங்கள்தாம். பங்குனியில் பூத்தால் காடே வெள்ளையாகி, மணம் அடுக்களை வரை வருமாம்.

மழைக்காட்டு மரம் இந்த வெயிலில் எப்படி நிற்கும் என்று எனக்குக் கவலை. ஆனி மாதம் அவள் தம்பி ஈரச் சாக்கில் பொதிந்து விதைகள் கொண்டுவந்தான். எண்ணித்தான் வாங்கினேன்: பதினொன்று. வழியிலேயே முளைவிட்டிருந்தன. ஒன்பது தழைத்தன. ஓலை மறைப்புக் கட்டினோம், தண்ணீர் சுமந்தோம். சித்திரைக்குள் ஒன்பதும் கருகின. கல்லறைத் தோட்டத்துக் காவல்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"ஆடு வராம நான் பாத்துக்கிடுதேன், வாத்தியாரய்யா. வெயிலைக் கம்பெடுத்து விரட்டவா முடியும்?" என்றார்.

மறுவருஷம் பதினான்கு விதை. ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்றாம் வருஷம் தம்பி தோளில் ஒரு பலகையோடு வந்தான்.

"விதை எங்கலே?" என்றாள் இவள்.

"சரிவுல ஒரு மரம் இல்லக்கா. பெட்டிப் பலகைக்குன்னு எல்லாத்தையும் வெட்டிட்டாவ. நம்ம வீட்டுக்குப் பின்னால நின்னதுல ஒரு துண்டு கேட்டு வாங்கிட்டு வந்தேன். பிள்ளைக்குச் சிலுவை செய்யலாம்லா."

இவள் பலகையை மோந்து பார்த்தாள்.

"இது பூக்குமாலே?"

அவன் அழுதுவிட்டான், மீசை வைத்த ஆண்பிள்ளை. அவனுக்காகத்தான் சிலுவைக்குச் சம்மதித்தாள்.

அந்தப் பலகை மண்ணில் நிற்கிற ஜாதியல்ல. இரண்டு மழைக்குள் கரையான் அரித்துச் சாய்ந்தது. அடுத்து நாங்கள் போனபோது அந்த இடத்தில் எருக்கு முளைத்துப் பூத்திருந்தது. பிள்ளை தலைமாட்டில் எருக்கா! எனக்குப் பொறுக்கவில்லை. பிடுங்கக் குனிந்தேன்.

"விடுங்க," என்றாள். "அது தண்ணி கேக்காம நிக்குதுல்லா."

கையை எடுத்துக்கொண்டேன். எனக்கு அந்தச் செடி இன்றுவரை பிடிக்கவில்லை. அவள் போன பிறகும் பிடுங்கவில்லை.