சுவரோரத்துச் சிவப்பு

கலர் மாறும் ஸ்ட்ரிப் லைட் என்றாலே எனக்கு ஆகாது. சலூன், பிரியாணிக் கடை, செல்போன் ரிப்பேர் கடை, கல்யாண மண்டபத்து மேடை என்று திருச்சியில் எங்கே திரும்பினாலும் அதுதான் எரியும். பச்சை, நீலம், ரோஸ் என்று மாறி மாறிக் கண்ணைக் குத்தும். அதை நானே கேட்டு வாங்கி என் வீட்டுக்குள் வைப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போயிருப்பேன்.

கேட்டது என் மகளுக்காக. குறை மாதத்தில் பிறந்தவள். பத்து மாதம் ஆகியும் எதையும் பார்க்கவில்லை. கண் என்னவோ திறந்துதான் இருக்கும். பெரிய கண், மை தீட்டினால் தெருவே கண் வைக்கும். ஆனால் கிலுகிலுப்பையை ஆட்டாமல் முன்னால் நீட்டினால் பார்வை அதைத் தாண்டி எங்கோ போய்விடும். என் முகத்தைக் கிட்டே கொண்டுபோனாலும் அப்படித்தான். பெற்ற பிள்ளை நம் முகத்தைக் கண்ணாடி ஜன்னல் மாதிரி கடந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

கண் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "கண்ணுல கோளாறு ஒண்ணும் இல்லைங்க. கண்ணு பார்க்கிறதை மூளை இன்னும் வாங்கிக்கல. பழக்கினா வரலாம். வரும்னு உறுதியா சொல்ல முடியாது." பயிற்சி கொடுக்கும் அம்மா, இருட்டு அறையில் பளிச்சென்று ஒரே ஒரு நிறத்தைத் தினமும் கொஞ்ச நேரம் காட்டச் சொன்னார். சிவப்பில் ஆரம்பிக்கச் சொன்னார். அதற்கென்று அவர்கள் வைத்திருந்த விளக்குப் பலகை வெளிநாட்டுச் சாமான். விலையைக் கேட்ட என் கணவர் பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.

துறையூரில் அவர் வீட்டார் சமயபுரத்தாளுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்திவிட்டு வந்தார்கள். நான் சலூன்காரர் வைத்திருக்கும் லைட்டை வாங்கி வரச் சொன்னேன்.

என் கணவருக்கு மன்னார்புரத்தில் ஒரு பைக் ஷோரூமில் வேலை. வேலை முடிந்து வரும் வழியில் பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு சந்துக் கடையில், இருப்பதிலேயே விலை குறைந்த ரோலை வாங்கி வந்தார். கூடவே ஒரு அடாப்டர், தீப்பெட்டி அளவில் ஒரு கன்ட்ரோலர், கலர் கலராகப் பொத்தான் வைத்த ஒரு குட்டி ரிமோட். "சீலிங்குக்கா சார்னு கேட்டான். தரைக்குன்னு சொன்னேன். ஒரு மாதிரி பாத்தான்" என்றார். பத்து மாதப் பிள்ளை பாயில்தானே படுத்திருக்கும், அவளுக்கு எதற்கு சீலிங்கில் லைட்?

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது கீழே குடியிருக்கும் வீட்டுக்கார மாமியின் சட்டம். சரி, இதில்தான் பின்பக்கம் பசை இருக்கிறதே என்று தரையோரமாகச் சுவர் நீளத்துக்கு ஒட்டினோம். சுண்ணாம்புச் சுவர். காலையில் எழுந்து பார்த்தால் முழுப் பட்டையும் தரையில் கிடந்தது, பசை முழுக்க வெள்ளை மாவு. எனக்கு வந்த கோபத்தில் அதைச் சுருட்டி ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். அவர்தான், ஒயரிங்குக்குப் போடுவார்களே பிளாஸ்டிக் கேசிங், அதில் ஒரு நீளம் வாங்கி வந்தார். கத்தரிக்கோல் படம் போட்ட இடம் பார்த்துப் பட்டையை வெட்டி, கேசிங் மேல் ஒட்டி, சுவரோரமாகத் தரையில் நிறுத்தினோம். சுவருக்கும் சேதாரமில்லை, மாமிக்கும் மனக்குறையில்லை.

ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அத்தனை நாள் திட்டிய அதே லைட்தான். ஆனால் மற்ற வெளிச்சம் எதுவும் இல்லாத அந்த அறையில் கீழிருந்து அது எழும்பியபோது, அழுக்குச் சுவர், பொரிந்த சுண்ணாம்பு, பாய் எல்லாம் ஒரே சிவப்பில் முங்கின. பிள்ளையின் உள்ளங்காலில்கூடச் சிவப்பு. கண்ணுள்ள எங்களுக்கே உடம்பு சிலிர்த்தது.

அவளைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, சுவர்ப் பக்கம் நான் உட்கார்ந்துகொள்வேன். ஒரு நிமிஷம் இருட்டு. பிறகு ரிமோட்டை நீட்டி அழுத்துவேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அழுத்தியவுடன் அவள் தலை படக்கென்று சுவர்ப் பக்கம் திரும்பியது. சிரித்தாள். அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடியும் திரும்பினாள். "ஏங்க!" என்று நான் போட்ட கத்தலில் கீழே இருந்து மாமி ஏறி வந்துவிட்டார். பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பெருமாள் கண்ணைத் திறந்துட்டார்டியம்மா. இனிமே குழந்தை எல்லாத்தையும் சேவிக்கும் பாரு." சாயங்காலமே ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் மேலே வந்தது. துறையூருக்கும் போன் போட்டாகிவிட்டது. வீடு முழுக்கக் கண்மலரின் மகிமைதான் பேச்சு. போகட்டும் என்று விட்டுவிட்டேன். யாருக்குப் பெயர் கிடைத்தால் என்ன?

மறுநாளும் அப்படித்தான் உட்கார்ந்தேன். ரிமோட்டை நீட்டி அழுத்தினேன். சரியாக அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனது. லைட் வரவில்லை. அறை இருட்டாகவே இருந்தது. கம்பளியின் ஓரத்தில் கசிந்த வெளிச்சத்தில் அவள் தெரிந்தாள்.

திரும்பியிருந்தாள். படக்கென்று, அதே வேகத்தில், அதே சிரிப்போடு. எரியாத லைட்டைப் பார்த்து.

கையை நீட்டினேன். வளையல்கள் சரிந்து குலுங்கின. சிரித்தாள். கையை மடக்கி மறுபடி நீட்டினேன். சிரித்தாள்.

என் கண்ணாடி வளையல்களுக்குத்தான் இவ்வளவும். இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். அவளுக்கு உலகமே காது வழியாகத்தானே வருகிறது? தெருமுனையில் நூறு வண்டி போனாலும் அப்பா பைக்குக்கு மட்டும் கால் உதைப்பாள். கொள்ளிடம் பாலத்தில் ரயில் ஏறுவது எங்களுக்குக் கேட்பதற்குள் அவள் அசையாமல் காது கொடுத்துக்கொண்டிருப்பாள். பால் பாக்கெட்டை வெட்டும் சத்தம் தெரியும். அவ்வளவு கூர்மையான காதின் அருகில் உட்கார்ந்து வளையலைக் குலுக்கிவிட்டு, கண் தெரிகிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். அன்று அழுத அழுகையைப் பற்றி எழுதுவதற்கில்லை.

அவரிடம் சொன்னேன். "அப்ப சத்தமே இல்லாம ஒரு தடவை பாத்துருவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுத் தெருவே உறங்கும் நேரம். மாமியிடம் போய், கொஞ்ச நேரம் டி.வி.யை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். ஃபேனை அணைத்தோம். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினோம். பிள்ளையின் கொலுசை அவர் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் வளையல்களைக் கழற்றப் போனபோது, "முழுசா கழட்டாதே, வெறுங்கையா இருக்க வேணாம்" என்று தடுத்தார். இப்படிப்பட்ட சாஸ்திரமெல்லாம் பார்க்கிற மனுஷன் இல்லை. தன் கைக்குட்டையால் ஒரு கை வளையல்களையும், ஒரு துண்டால் மறு கை வளையல்களையும் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டார். காயத்துக்குக் கட்டுப் போடுவது மாதிரி அவ்வளவு மெதுவாகச் செய்தார்.

இந்த முறை ரிமோட்டை அவர் வாங்கிக்கொண்டு, பிள்ளையின் கால்மாட்டில் உட்கார்ந்தார். நான் சுவருக்கும் பாய்க்கும் தள்ளி நின்றேன். இருட்டில் எங்கள் மூச்சுச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. அழுத்தினார். சுவரோரமாகச் சிவப்பு எழும்பியது.

ஒன்றும் நடக்கவில்லை.

அவள் மேலே பார்த்தபடி விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். நான் ஏறக்குறைய நம்பிக்கையை விட்டுவிட்டேன். இனி எப்படி யாரிடம் போய்ச் சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது விரல் வாயிலிருந்து வெளியே வந்தது. தலை திரும்பியது. படக்கென்று இல்லை. நின்று நின்று, மிக மெதுவாக. பாதி வழியில் நின்றது. போச்சு என்று நினைத்தேன். மறுபடி நகர்ந்தது. கன்னம் பாயைத் தொட்டது. அவள் கண் இரண்டிலும் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. அந்தக் கண்கள் அதைத் தாண்டிப் போகவில்லை. அங்கேயே நின்றன. புது ருசி நாக்கில் பட்டால் செய்வாளே, அது மாதிரி புருவத்தைச் சுருக்கினாள்.

ஒரு உயிர் வெளிச்சத்தை முதல் தடவையாக வாங்கிக்கொள்வதை அவ்வளவு கிட்டத்தில் பார்க்க எனக்கு என்ன தகுதி? கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

சத்தம் வராமல் மண்டிபோட்டு ஊர்ந்து, அந்த லைட்டை ஒட்டித் தரையில் படுத்தேன். என் முகத்தை அவள் முகத்துக்கு நேராக, சிவப்புக்குள் வைத்தேன். "தங்கம்" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் கண் கோட்டை விட்டு மெல்ல மெல்ல நகர்ந்தது. என் கன்னத்துக்கு வந்தது. மூக்குக்கு வந்தது. என் கண்ணுக்கு வந்து நின்றது.

அவரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கால்மாட்டிலிருந்து, "பாக்குறாளாடி? உன்னையா பாக்குறா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். தெருமுனையில் வரும்போதே அவர் பைக்குக்குக் கால் உதைக்கிற பிள்ளை, பக்கத்தில் கேட்ட அந்தக் குரலுக்குத் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.