நேர்ந்த சேவலும் சுடுதண்ணீர்ப் போத்தலும்

கச்சான் என்ற வறண்ட தென்மேல் காற்று வீசத் தொடங்கினால் கட்டைபறிச்சானில் கோழிகள் சாகும். அது எங்கள் ஊரில் மாம்பழம் வருவது போல ஒரு பருவ விஷயம். ஒரு கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும், மறுநாள் விழுந்துவிடும், ஒரு கிழமைக்குள் வீட்டு வளவே வெறிச்சோடிப் போகும். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. ஆண்களுக்கு வயலும் கடலும் இருந்தன, கோழி பெண்களின் பாடு. ஆனால் என் பள்ளிக்கூடச் சட்டையும் கொப்பியும் மூதூர்ச் சந்தைக்குப் போன முட்டைகளிலிருந்து வந்தவை என்பது அம்மாவுக்குத் தெரியும். கோழி விழும் ஒவ்வொரு தடவையும் அம்மாவின் முகமும் விழுந்துவிடும்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த காலம் அது. மாதர் சங்கத்துக்கு வகுப்பு எடுக்க விவசாயத் திணைக்களத்திலிருந்து ஒரு ரீச்சர் வரத் தொடங்கினார். அவருடைய வீடு அன்புவழிபுரத்தில். திருகோணமலையிலிருந்து லோஞ்ச் படகில் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் வருவார். அம்மாவைவிட வயதில் இளையவர், குரல் மட்டும் நாலு ஊருக்குக் கேட்கும். பசளைக் குழி வெட்டுவது, மிளகாய்க்கு மேடை போடுவது, கோழிக்கு நோய்த் தடுப்பு ஊசி போடுவது எல்லாம் சொல்லித் தந்தார். முதலில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மனிசருக்கே ஊசி போட மூதூருக்கு ஓடவேண்டியிருக்கும்போது கோழிக்கு ஊசியாம்! பிறகு ஒவ்வொருத்தராகக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். செத்த கோழி ஒன்றில் எல்லாரும் ஊசி பிடித்துப் பழகியபோது அம்மாவின் கை மட்டும்தான் நடுங்கவில்லை. ஊசி போடும் பொறுப்பை ரீச்சர் அம்மாவிடமே கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்த அம்மா குசினியில் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. மருந்துக் குப்பி ஒன்று ஓர் ஊருக்கே காணும், அவ்வளவு மருந்து. திறந்து கலக்கினால் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும், மிச்சம் வைக்க ஏலாது. போதிய கோழி சேராவிட்டால் திணைக்களக் கந்தோரில் குப்பி தரமாட்டார்கள் என்று ரீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊரிலேயே அதிகம் கோழி வைத்திருந்தவர் அடுத்த வளவில் இருந்த என் மாமி, அப்பாவின் அக்கா. மாமியின் கோழிகள் வந்தால்தான் கணக்கு நிறையும். மாமிக்கும் எங்களுக்கும் வேலிச் சண்டையில் பேச்சு இல்லை. வேலிக் கதியால் தடிகளை மாமி எங்கள் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று அம்மா சொல்வார், அது அம்மாவின் கற்பனை என்று மாமி ஊருக்குச் சொல்வார். நடுவில் அப்பா வயலுக்குப் புறப்பட்டுவிடுவார்.

அந்த வருடத் தொடக்கத்தில் நான் நெருப்புக் காய்ச்சலில் மூதூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊரே வந்து பார்த்தது. மாமி மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. நான் வீடு திரும்பியபோது மாமியின் முற்றத்தில் ஒரு செஞ்சேவல் வளர்ந்துகொண்டிருந்தது. வைரவர் கோயிலுக்கு நேர்ந்துவிட்டது என்றார்கள். தள்ளி நட்ட இடத்திலேயே வேலி நிலைக்க வேண்டும் என்றுதான் மாமி அதை நேர்ந்திருக்கிறார் என்று அண்ணன் அடித்துச் சொன்னான். நான் அப்படியே நம்பினேன். அதன் ஒவ்வொரு கூவலும் எங்களுக்கு எதிரான சாட்சியம் போல எனக்குக் கேட்டது.

பேசாமல் இருப்பவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. அம்மா வேலியோரம் போய் நின்று எங்கள் பேட்டுக் கோழியைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"சனிக்கிழமை காலமை பள்ளிக்கூடத்தில ஊசியாம். ஆக்கள் வராட்டி மருந்து இல்லையாம். பிறகு எல்லாருமாச் சேர்ந்து குழி வெட்டுவம், என்ன?"

கோழி தன்பாட்டில் கிளறிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் மாமி தன் ஆட்டைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"குத்துறது ஆர் கையெண்டு பார்த்துத்தான் வரவேணும்."

அம்மா திரும்பி வந்து, "வருவா" என்றார். எப்படித் தெரிந்ததோ!

வெள்ளிக்கிழமை மாலை ஊரே மரம் ஏறியது. முருங்கையிலும் பூவரசிலும் அடைந்த கோழிகளைப் பிடித்துக் கூடையால் மூடினார்கள். வேலைக்கு உதவாத கோழிக் கூத்து என்று நையாண்டி பண்ணிய அப்பாவே இரண்டு தரம் மரத்திலிருந்து சறுக்கினார்.

மறுநாள் ரீச்சர் வந்தபோது கையில் சூடு ஆறாமல் வைக்கும் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல். திறந்தால் உள்ளே முழுக்க ஐஸ், அதற்குள் குப்பி. மூதூரில் மீன் முதலாளி ஒருவர் தன் மீனுக்கு வைத்திருந்த ஐஸில் அள்ளிக் கொடுத்திருந்தார். சுடுதண்ணீர் ஊற்றும் போத்தலில் ஐஸ் எப்படிக் கரையாமல் இருக்கும் என்று நான் வாயைப் பிளந்தேன். பள்ளிக்கூட மண்டபம் நிறையக் கூடைகள். கொக்கரிப்பில் ரீச்சரின் குரல்கூட அமுங்கிப் போனது. அம்மா குனிந்த தலை நிமிராமல் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார். மாமியின் கோழிகளும் வந்தன. மாமி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுப்பார், அம்மா வாங்குவார், இருவரும் கோழியை மட்டும் பார்ப்பார்கள்.

கடைசியில் மாமி சேலைத் தலைப்புக்குள்ளிருந்து செஞ்சேவலை எடுத்தார். ரீச்சரிடம்தான் பேசினார்.

"பிள்ளை, இது கோயிலுக்கு நேர்ந்தது. காயம் படப்படாது, ரத்தம் வரப்படாது. ஆனா இது சாகவும் படாது."

குரல் உடைந்தது. மாமியின் குரல் உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. குத்தினால் நேர்த்தி கெடும், குத்தாவிட்டால் சேவல் போய்விடும். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. சேவல் போனால் வேலி எங்களுக்கு.

அம்மா ஊசியைக் கீழே வைத்தார்.

"குஞ்சுகளுக்குக் கண்ணில விடுற சொட்டு மருந்து கொண்டுவந்தனீங்கள்தானே ரீச்சர்? அதை இதுக்கு விடலாமோ?"

"ஓம், விடலாம். ஊசி அளவுக்குக் கனகாலம் நிக்காது. இந்தக் காற்றுக் காலத்துக்குக் காணும்."

அம்மா சொட்டுக் குழாயை எடுத்துக்கொண்டு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"மச்சாள், தலையை ஆடாமப் பிடியுங்கோ."

மாமி பிடித்தார். அம்மா எதிரிச் சேவலின் கண்ணில் மருந்து விடுவதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அந்த முறை சுற்றியிருந்த ஊர்களில் கோழிகள் விழுந்தன. எங்கள் ஊரில் கொக்கரிப்பு ஓயவில்லை. முட்டைக் கூடைகள் வழக்கம் போலச் சந்தைக்குப் போயின. கிளிவெட்டியிலிருந்து பெண்கள் வந்து அம்மாவைக் கூட்டிப் போனார்கள். மூதூரில் முஸ்லிம் பெண்கள் தங்கள் வளவிலேயே வகுப்பு வைத்து அம்மாவை அழைத்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அம்மா. அவருக்கு அடுத்த ஊர்களில் உட்காரக் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். அந்த ரீச்சரை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

வைரவர் கோயில் மடைப் பூசைக்கு எல்லாரும் போனோம். மாமி சேவலை எடுத்துக்கொண்டு பூசாரியின் முன் நின்றார். அம்மா என் முதுகில் கை வைத்து மாமியின் பக்கம் தள்ளிவிட்டார். யாருடைய பேரில் என்று பூசாரி கேட்டார். மாமி என் பெயரையும் என் நட்சத்திரத்தையும் சொன்னார். சேவலைக் கோயில் வளவில் விட்டுவிட்டு, திருநீற்றை அள்ளி என் நெற்றி முழுக்கப் பூசினார். கொஞ்சம் கண்ணுக்குள்ளும் விழுந்து கரித்தது.

வேலிச் சண்டைக்கு என் நட்சத்திரம் எதற்கு, அது மாமிக்கு எப்படித் தெரியும் என்றுதான் நான் வழி முழுக்க யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓடிப்போய் வேலியைப் பார்த்தேன். கதியால்கள் நின்ற இடத்திலேயே நின்றன.