கிரகணத்தில் வெட்டிய ஜாதகம்

எங்கள் குடும்பத்தில் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். பெரியப்பா ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். மரம் சீவுகிறவர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் வீட்டுக் காப்பியைக் குடிப்பதற்கு முன் தம்ளரைச் சாய்த்து, அது ஓரத்தில் எப்படி வடிகிறது என்று ஒரு கணம் பார்ப்பார். அப்பா ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர். ஆணி ஒன்று குறைந்தால்கூட மூன்று பேரை நிற்க வைத்து விசாரிப்பவர். இன்று நானும் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்களுக்கு நேர்ந்த விபத்துகளை நம்பாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறேன். பத்து வயதில் எனக்கு இந்தத் திறமை இன்னும் வந்திருக்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் ரிங்கிட்டின் மதிப்பு விழுந்து, பல அலுவலகங்கள் சாமான்களைக் கழித்துக்கொண்டிருந்தன. அப்படிக் கழித்த ஒரு கம்ப்யூட்டர், அப்பாவின் மோட்டார் சைக்கிளில் என் மடிமேல் உட்கார்ந்து, பாச்சாங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தது. சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, ஒரு பூப்போட்ட துணியால் மூடினோம். அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் அக்கா. அவள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவளுக்குக் கோலாலம்பூரில் சட்டம் படிக்க இடம் கிடைத்திருந்தது. அந்தக் கடிதத்தை அப்பா பல் குத்திக்கொண்டே இரண்டு தடவை படித்தார். பிறகு அலமாரிக்கு மேல், பழைய காற்றாடிக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் வீட்டில் அலமாரிக்கு மேல் போன எதுவும் கீழே வந்ததில்லை.

பெரியப்பாவுக்கு ஓய்வுக்காலத் தொழில் பொருத்தம் பார்ப்பது. தமிழ்நாட்டுக்குப் போய் வந்த நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு டிஸ்கெட் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஜாதகம் கணிக்கும் புரோகிராம், கணித்த ஜாதகங்கள் எல்லாமே அந்தக் கருப்புச் சதுரத்துக்குள் இருந்தன. அதற்கு ஒரு நகல் எடுத்து வைக்கலாம் என்று அக்கா சொன்னபோது பெரியப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நகல் எடுத்தா பலன் பாதியாயிடும்மா" என்றார். நகல் எடுத்தால் இன்னொரு ஜோசியக்காரன் கைக்குப் போய்விடும் என்பது அதன் பொருள்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்த கையோடு, செர்காம் பக்கத்திலிருந்து அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. சொந்தமாக லாரி வைத்திருந்த குடும்பம். புகைப்படத்தில் மாப்பிள்ளைக்கு மீசை இருந்தது. அதற்கு மேல் எனக்குத் தகவல் இல்லை. பெரியப்பா கையால் பார்த்ததில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் காலத்தோடு ஓடுகிறவர்கள், கம்ப்யூட்டர் பிரிண்ட் வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து அதை வாங்கிக்கொண்டு தட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

"எனக்கு இப்ப வேணாம்ப்பா" என்றாள் அக்கா.

"இப்ப வேணாம்னா எப்ப? ஆபீஸ்ல யாராச்சும் இருக்கானா?"

"யாரும் இல்ல. படிக்கணும்."

யாரும் இல்லை என்றதும் அப்பாவின் சந்தேகம் கூடியது. படிக்கணும் என்றதும் அது முற்றியது. பேச்சு அத்துடன் முடிந்தது.

புதன்கிழமை சாயந்திரம் பெரியப்பா வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டிஸ்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல அக்கா மாப்பிள்ளையின் பெயர், நட்சத்திரம், பிறந்த நேரம் எல்லாம் தட்டினாள். கடைசி எழுத்தைத் தட்டிய மறுகணம் திரையில் இருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்தன. சல்லடையிலிருந்து மாவு விழுகிற மாதிரி கீழே போய்க் குவிந்தன. மாப்பிள்ளையின் பெயரில் கடைசியாக ஒரு எழுத்து மட்டும் சற்று நேரம் தொங்கிப் பார்த்துவிட்டு அதுவும் விழுந்தது.

"வைரஸ், பெரியப்பா" என்றாள் அக்கா.

அப்பா உடனே கதவைச் சாத்திவிட்டு விசாரணையைத் தொடங்கினார். இந்த வாரம் வீட்டுக்குள் யார் யார் வந்தார்கள்? கேஸ் சிலிண்டர்த் தோம்பு கொண்டுவந்தவன், சந்தா கேட்டு வந்த கோயில்காரர், பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி. "அவங்க ரெண்டு நாளா இருமிக்கிட்டு இருக்காங்க" என்று அம்மா பொறுப்பாகச் சேர்த்துக்கொண்டாள்.

நான் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றேன். முந்தின நாள்தான், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, வகுப்புத் தோழன் கொடுத்த கேம் டிஸ்கெட்டை அந்தக் கம்ப்யூட்டரில் போட்டு விளையாடியிருந்தேன். பெரியப்பா என்னைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். ரப்பர் பால் விஷயத்தில் இந்த முறை பலன் கொடுத்திருக்கலாம். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் தப்பித்தேன்.

அப்புறம் பெரியப்பா திரையையும் மாப்பிள்ளையின் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தன நாளு நல்லாத்தானே இருந்துச்சு? இந்தப் பையன் ஜாதகத்த உள்ள வெச்ச ஒடனேதானே சீக்கு வந்துச்சு?"

"அண்ணே, அப்படியெல்லாம் இருக்காதுண்ணே" என்றார் அப்பா. மாப்பிள்ளை வீட்டு லாரிகள் அவர் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

"நீ சும்மா இருலா. மெஷினு பொய் சொல்லாது."

எதற்கும் ஒரு வார்த்தை போடுகிற அக்கா, அன்று மேசை விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா பஞ்சாங்கத்தை விரித்தார். சனிக்கிழமை காலை சூரிய கிரகணம், மகம் நட்சத்திரத்தில். கம்ப்யூட்டரை வீட்டில் முதன்முதலாக ஆன் செய்தது என்றைக்கு என்று அப்பாவிடம் கேட்டார். ஸ்டோர் கீப்பர் ஆனதால் அப்பா தேதியும் நேரமும் எழுதி வைத்திருந்தார். கணக்குப் பார்த்தால், அன்றைக்கு மகம்! கம்ப்யூட்டர் மக நட்சத்திரத்தில் பிறந்திருந்தது. கிரகண தோஷம் அதை முன்கூட்டியே பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் பையன்மேல் குற்றமில்லை. ஆகவே தீர்ப்பு இப்படி எழுதப்பட்டது: மெஷினுக்குப் பரிகாரம் செய்வது. கிரகணம் விட்டதும் குணமானால் கிரகணத்தின் வேலை, ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றலாம். குணமாகாவிட்டால் பையன் ஜாதகத்தின் வேலை, சம்பந்தம் வேண்டாம். அதுவரை டிஸ்கெட்டும் மெஷினோடு இருக்கட்டும் என்று பெரியப்பா அதை அக்காவிடம் விட்டுப் போனார்.

இப்படியாக என் அக்காவின் வாழ்க்கையை ஒரு பழைய கம்ப்யூட்டரின் உடல்நிலையில் கொண்டுபோய்க் கட்டினார்கள்.

எனக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. செய்தது நான், பழி முகம் தெரியாத ஒரு மீசைக்கார அண்ணன் மேல். வெள்ளிக்கிழமை காலை அக்கா வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் மறித்தேன்.

"அக்கா, நான்தான்."

"என்னா நீதான்?"

"கேம் போட்டேன். வைரஸ் என்னாலதான் வந்துச்சு."

அவள் செருப்பை மாட்டாமல் என்னையே பார்த்தாள். வழக்கமாக இந்த மாதிரிச் செய்தி கிடைத்தால் அப்பாவிடம் ஓடுகிறவள்.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. சொன்ன, பெரம்பு பூச பலமா இருக்கும்."

"பாவம்லாக்கா அந்த மாப்பிள்ள."

"மாப்பிள்ளயப் பத்தி நீ கவலப்படாத."

என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன். தன் கல்யாணமே நின்றுபோகும் நிலையிலும் தம்பியின் முதுகைக் காப்பாற்றுகிறாளே! அந்த வைரஸ் அசலாகவே என் டிஸ்கெட்டிலிருந்து வந்ததா, அக்காவின் கைவேலையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "நீதான கேம் போட்ட?" என்று வழக்கறிஞர் மாதிரி பதில் கேள்வி போடுகிறாள். வழக்கறிஞர்தான்.

சனிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் பெரியப்பா வந்துவிட்டார். திரைச்சீலைகள் இழுத்து மூடப்பட்டன. தண்ணீர்த் தொட்டியில், அரிசி டின்னில், ஊறுகாய் ஜாடியில் தர்ப்பைப் புல் போட்டார்கள். கீபோர்டின் மேலும் ஒரு கொத்து வைத்தார்கள். மக நட்சத்திரக்காரர்கள் நெற்றியில் கட்ட வேண்டிய கிரகணப் பட்டத்தை, சுலோகம் எழுதிய ஓலைத் துண்டோடு, மஞ்சள் நூலில் கோத்துப் பெரியப்பா மானிட்டருக்குக் கட்டினார். காது இல்லாததால் நூல் வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் செலோடேப் போட்டார்கள். பட்டம் கட்டி, பொட்டு வைத்து, இருட்டில் உட்கார்ந்திருந்த அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் எல்லோரையும்விடப் பக்தியாகத் தெரிந்தது.

நான் பின்கட்டில் இருந்தேன். அக்கா வந்து, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஒரு டிஸ்கெட்டையும் கத்தரிக்கோலையும் வைத்தாள்.

"ஆபீஸ்ல சொன்னாங்க, டிஸ்கெட்டு உள்ள ஒரு பிலிம் இருக்குமாம். அது வழியாப் பாத்தா சூரியன் நல்லாத் தெரியுமாம்."

"இத வெட்டவா?"

"நான் ஒன்னும் சொல்லல. பெரியப்பா கூப்பிடறாரு, போறேன்."

போய்விட்டாள். அந்த டிஸ்கெட்டில் லேபிள் இல்லை. உரித்த இடத்துப் பசை என் விரலில் ஒட்டியது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். கரண்டிக் காம்பால் நெம்பிப் பிளந்ததும், உள்ளேயிருந்து வட்டமாக, பழுப்பும் கருப்புமாக ஒரு தகடு வந்தது. இரண்டாக வெட்டினேன், அக்காவுக்கு ஒரு பாதி.

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு பின் சந்துக்குப் போனேன். வெயில் நோய் பிடித்த மாதிரி மங்கியிருந்தது. சீன ஆண்டி வீட்டு நாய் ஒரு மாதிரியாக ஊளையிட்டது. பிலிமைக் கண்ணில் வைத்துப் பார்த்தால், வெட்டிப் போட்ட நகத் துண்டு மாதிரி, சிவப்பாக, சூரியன்! அப்படிப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு என்று பிற்பாடு படித்தேன். என் மூக்குக் கண்ணாடியின் கனத்துக்கு அதுவே காரணம் என்று சொல்லிப் பார்க்கிறேன், கண் டாக்டர் ஏற்கவில்லை.

அக்காவும் வந்து தன் பாதியை வாங்கிப் பார்த்தாள். இது எந்த டிஸ்கெட், ஏன் வெட்டினாய் என்று அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அது நடக்காத காரியம். நானோ சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரகணம் விட்டது. எல்லோரும் தலை முழுகினோம். மதியம் அப்பா வரச்சொல்லியிருந்த கம்ப்யூட்டர் கடைச் சீனப் பையன் வந்தான். பட்டத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கிவிட்டு, அதைத் தள்ளாமல், தன்னுடைய டிஸ்கெட் ஒன்றைப் போட்டு எதையோ ஓட்டினான். கால் மணி நேரத்தில், "சுடா ஓகே, அங்கிள்" என்று, சரியாகிவிட்டதை மலாயில் சொல்லி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். திரையில் எழுத்துகள் விழவில்லை.

"பாத்தியா! பட்டம் வேல செஞ்சிருச்சு!" பெரியப்பா தொடையில் தட்டினார். "பையன் மேல ஒரு குத்தமும் இல்ல. சொக்கத்தங்கம். எடும்மா டிஸ்கெட்ட, பிரிண்ட் எடுத்துருவோம்."

அப்பா முகத்தில் லாரிகள் மறுபடியும் ஓடின. அக்கா மேசை டிராயரில் தேடினாள். சாமி மேடையில் தேடினாள். பூப்போட்ட துணியை உதறினாள். ரொம்ப நிதானமாகத் தேடினாள்.

அப்பாவின் பார்வை என் சட்டைப் பைக்கு வந்தது. அரை வட்டமாக ஒன்று அதிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னாடா அது?"

எடுத்துக் கொடுத்தேன். "சூரியன் பாக்கிறதுக்கு" என்றேன். அக்கா வைத்துவிட்டுப் போனாள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. வெட்டியது நான், அவள்தான் ஒன்றும் சொல்லவில்லையே.

பெரியப்பா என் பாதியை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், மற்றப் பாதியையும் பிளந்த கருப்பு உறையையும் பொறுக்கி வந்தார். இரண்டு பாதியையும் மேசைமேல் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"பையன் ஜாதகம்டா இது. கிரகண நேரத்துல... கத்தரிக்கோலால..."

அதற்குப் பிறகு நடந்தது பிரம்பு சம்பந்தப்பட்டது. விவரிக்க எதுவும் இல்லை, என் கெண்டைக்கால் அப்பாவின் கைக்கு எட்டியது.

அடி முடிந்ததும் அப்பாவும் பெரியப்பாவும் கூடிப் பேசினார்கள். காகிதத்தில் எழுதிய ஜாதகம் இருக்கிறது, கையால் எழுதியே கொடுத்துவிடலாம், நடந்ததை வெளியில் மூச்சு விடக்கூடாது என்று முடிவானது. பெரியப்பா வீட்டுக்குக் கிளம்ப, அப்பா அவரைப் பேருந்தில் ஏற்றிவிடப் போனார்.

அந்த இடைவெளியில் அம்மா டெலிபோன் அருகே போனாள். பில் கூடிவிடும் என்று தன் தங்கை பிரசவித்தபோதுகூடப் போன் செய்யாதவள். செர்காமுக்குச் சுழற்றி, மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டாள்.

"சம்பந்தியம்மா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது பாருங்க. சின்னப் பையன், தெரியாமச் செஞ்சிட்டான். ஆமாம்மா, உங்க மகன் ஜாதகத்தத்தான். ஆமா, கிரகணம் பிடிச்ச நேரம். இல்ல, நடுவுல. ரெண்டா."

அம்மா இரண்டு முறை "ஹலோ" என்றாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை.

அன்று சாயந்திரம் அக்கா என்னைக் குப்புறப் படுக்க வைத்து, கெண்டைக்காலில் தைல எண்ணெய் தடவினாள். தடவத் தடவ அவள் கண்ணிலிருந்து தண்ணீர் என் காலில் விழுந்தது. எனக்கு அடி வலித்ததைவிட அது வலித்தது. ஒரு நல்ல குடும்பத்துப் பெண்ணின் கல்யாணத்தை ஒரு கத்தரிக்கோலால் கெடுத்த பாவி நான்.

"அழாதக்கா" என்றேன். "மீச வெச்ச வேற மாப்பிள்ள கெடைப்பாரு. நான் பெரியவனாகித் தேடித் தரேன்."

அக்கா எண்ணெய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் அடக்க முடியாமல் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் ஓட, தோள் குலுங்க, சத்தமில்லாமல், நிற்காமல் சிரித்தாள். துக்கத்தில் புத்தி பேதலிப்பது என்று கேள்விப்பட்டிருந்தேன், நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நொண்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, அக்காவுக்கு என்னமோ ஆயிருச்சு. தனியாச் சிரிக்குது."

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். அக்காவும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா டாக்டரைக் கூப்பிடுவாள், குறைந்தபட்சம் திருநீறாவது பூசுவாள் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சத்தம் வெளிய கேக்கப் போவுது" என்று மட்டும் சொல்லி, அம்மா கதவைச் சாத்தினாள்.