லயத்து மழைமானி

ஹல்துமுல்லைக்கு மேலே ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது. பஸ் நகர்வதாக இல்லை. மழைக்குத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரு லயத்து வாசலில் ஒதுங்குகிறேன். மழையளக்கும் போத்தலை மாட்ட நட்ட கம்பம் மட்டும் முற்றத்தில் நிற்கிறது. போத்தலைக் காணோம்.

"தண்ணி செவப்புக் கோட்டத் தொட்டா மல சரியுமாம். வீட்ட விட்டுட்டு ஸ்கூல்ல போய்ப் படுக்கணுமாம். இந்த மாசம் மூணு தடவ போயாச்சுங்க. அதான் போத்தலத் தூக்கி உள்ள வச்சிட்டேன்" என்று வீட்டுக்கார அக்கா கண்சிமிட்டுகிறார்.

உள்ளே எட்டிப் பார்க்கிறேன். கூரைத் தகரத்து ஓட்டையிலிருந்து தண்ணீர் நேராகப் போத்தலுக்குள் ஊற்றுகிறது.

"கோட்டத் தாண்டிருச்சே அக்கா!"

அவர் கூரையை ஒருமுறை முறைக்கிறார். பிறகு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்குகிறார்.

"வெளியவே வச்சிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் வீட்டுல இருந்திருக்கலாம்."