அழகியநம்பியின் வலது மணிக்கட்டு

பிறவியிலேயே காது கேளாத அழகியநம்பி பட்டம் வாங்கினான். முடியாது என்றவர்கள் பார்த்திருக்கவே ஸ்கூட்டர் லைசென்ஸ் எடுத்தான். திருவனந்தபுரத்தில், காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் கணக்கு வாத்தியாரும் ஆனான். எட்டாம் வகுப்போடு நின்ற அக்கா உலகம்மை, துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் அனுப்பமாட்டாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் கல்லாற்றுக்குப் போனவன் பாறையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தான். முதலில் காட்டிய இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு ஒடியவில்லை, சுளுக்குதான் என்று பட்டை சுற்றி அனுப்பினார்கள். வீக்கம் வடிந்தது. ஆனால் சைகையால் பேசும்போது கை பாதியில் நின்றுபோனது. பாதிச் சொல்லோடு வகுப்பில் எப்படி நிற்பான்? உலகம்மைக்குத் தையல் ஓடவில்லை.

கை அறுவை டாக்டர் ஸ்ரீலட்சுமியிடம் கூட்டிப்போனாள். டாக்டர் மணிக்கட்டை இறுகப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தி அசைத்தார். "எவிடெ வேதனை? இங்கயா?"

நம்பி இடது கையால் அக்காவிடம் ஏதோ காட்டினான்.

"என்னவாம்?"

"வாயைப் பொத்திக்கிட்டுப் பேசச் சொல்லுதீங்களாம், டாக்டரே."

டாக்டர் சட்டென்று கையை விட்டார். "அய்யோ, சாரி மோனே. நீ சொல்லு."

நம்பி மணிக்கட்டின் மேற்புறத்தைத் தொட்டான். பிறகு முஷ்டியை மடக்கி, முகத்தைச் சுளித்தான். உள்ளே ஏதோ நழுவுகிறதாம்.

இரண்டு கைகளையும் முஷ்டி மடக்க வைத்துப் புதிதாக எக்ஸ்ரே எடுத்தார்கள். தளர்த்திய கையில் தெரியாத இடைவெளி இப்போது வலது கையில் தெரிந்தது. இரண்டு சிறு எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்திருந்தது. எம்.ஆர்.ஐ.யும் அதையே சொன்னது.

"தைச்சு, கம்பி போட்டு நிறுத்தணும். விட்டா மூட்டு தேஞ்சுபோகும்."

"பெறவு முன்ன மாதிரி பேசுவானா?"

"முழுசா மடங்கும்னு இப்பவே வாக்கு தர முடியாது, சேச்சி."

அறுவைக்குப் பின் கை மாவுக்கட்டுக்குள் போனது. இடது கைப் பேச்சு திக்கித் திணறியது. வீட்டில் ஒழுங்காகச் சண்டைகூடப் போட முடியவில்லை. கம்பியை எடுத்தபோது மணிக்கட்டு மரக்கட்டையாக நின்றது. உலகம்மை டாக்டரின் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கைக்குப் பயிற்சி தந்த மீனு ஒரு நாள் கேட்டாள்: "சாரோட பேரைச் சைகையில எப்படிச் சொல்லணும் அக்கா?"

உலகம்மை கேள்வியைக் கையால் சொன்னாள். நம்பி தயங்கினான். பிறகு வலது விரலால் கன்னக்குழியைத் தொட்டு, மணிக்கட்டைத் திருப்பி, உள்ளங்கையை விரித்தான். கை முழுதாகத் திரும்பவில்லை. ஆனாலும் அது அவன் பெயர்தான்.

உலகம்மைக்கு நாள்கூட நினைவிருக்கிறது: 2024 ஏப்ரல் 22, திங்கட்கிழமை.