முதலில் ஓய்வு பெற்றவர் அவர்

கொரோனா வந்த முதல் வருஷம், மார்ச் கடைசியில், பாலக்காடு ஜில்லா முதலமடையில் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பு முழுக்க மாங்காய் தொங்கிக்கொண்டிருந்தது. பறிக்க ஆள் வர வழியில்லை. பறித்தாலும் வடக்கே எந்தச் சந்தையும் திறந்திருக்கவில்லை. என் கணவர் முப்பது வருஷமாக மாங்காய் வியாபாரி. பூப்பதற்கு முன்பே தோப்புக்கு முன்பணம் கொடுத்துவிடுவார். பிறகு காயைப் பறித்துச் சொந்த லாரியில் அனுப்புவார். அந்த வருஷம் லாரி எங்கள் வீட்டு முன்னால் நாற்பது நாள் நின்றது. தினமும் காலையில் அதன் முன் கண்ணாடியைத் துடைத்தார். 

நான் அரசு தாலுகா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கேரளத்தில் எங்களுக்கு ஐம்பத்தாறில் ஓய்வு. வீட்டுக் கடனோ இன்னும் ஏழு வருஷம் ஓட வேண்டியிருந்தது. பாக்கி பதினொரு லட்சம். வீட்டின் ஆதாரம், அதாவது பத்திரம், வங்கியில் இருந்தது. தவணை மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் நான் டூட்டி முடிந்து வந்தபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"தவணை இப்பக் கட்ட வேண்டாமாமா. பேங்க் மேனேஜரே கூப்புட்டுச் சொன்னாரு."

"வட்டிங்க?"

"வட்டி ஓடுமாட்ட இருக்குது."

"அப்பக் கட்டீருவோமுங்க. சம்பளம் வருதில்ல."

 நான் குளித்துவிட்டு வந்ததும் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது. அவருக்கு ஆஸ்துமா உண்டு. ஆனால் அவர் பயந்தது எனக்காக.

"நீ வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துரு அம்மிணி. வர்ற பணத்துல லோனை அடைச்சுப் போடலாம். நீ ஊட்ல இருந்தீன்னா எனக்கு அதே போதும்."

விருப்ப ஓய்வு. அந்த யோசனை எனக்கும் வராமல் இல்லை. கவச உடைக்குள் ஆறு மணி நேரம் நின்று, வியர்வையில் ஊறிய கையுறையைக் கழற்றும்போதெல்லாம் வந்தது. வீட்டில் தனி அறை, தனித் தட்டு, தனிச் சோப்பு. நோய்க்குப் பயப்படாத நர்ஸ் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விண்ணப்பத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தேதி மட்டும் போடவில்லை. அப்படியே ஐந்து மாதம் அது பைக்குள் கிடந்து, மடிப்பில் கிழிய ஆரம்பித்தது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகளிடம் கேட்டோம். அவள் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பாதை சொன்னாள்.

"அம்மா, ஹோம் லோனை யாராவது அவசரமா அடைப்பாங்களா? கையில வர்றதை நல்ல எடத்துல போட்டு வைங்க. லோன் அது பாட்டுக்கு ஓடட்டும்."

"அது ஓடும் கண்ணு. ஐம்பத்தாறுக்கு அப்பறம் நான் அதுக்குப் பின்னால ஓடோணுமல்ல."

அவள் சிரித்தாள். ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பென்ஷன் சம்பளத்தில் பாதிதான் வரும். அதிலிருந்து தவணை போனால் மிச்சத்தில் மருந்தும் மளிகையும் எப்படி வாங்குவது? இப்போதே விருப்ப ஓய்வு வாங்கிக் கிடைப்பதையெல்லாம் கடனில் கொட்டினால், கடன் தீரும். கையும் காலியாகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குழி இருந்தது.

அக்டோபரில் எனக்கே காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் உறுதியானதும், கல்லூரி விடுதி ஒன்றில் அமைத்திருந்த சிகிச்சை மையத்துக்கு அனுப்பினார்கள். முதல் நான்கு நாள் உடம்பு வலியில் எதுவும் நினைக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன். ஆறாம் நாள் பக்கத்துக் கட்டில்காரர்களின் விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அடுத்த கட்டிலில் இருந்தவர் நல்லேப்பிள்ளியில் நெல் நடவுக்குப் போகும் பெண். என் வயதுதான் இருக்கும். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங் சிஸ்டர், நீங்களும் எங்களாட்டக் காச்சல்ல வந்தவங்கதானுங்களே? இங்கயும் டூட்டி பாக்கறீங்க."

"பழக்கமுங்க. வி.ஆர்.எஸ். வாங்கலாம்னு இருக்கறேன். பொறவு இந்தத் தொந்தரவு இருக்காது."

"நீங்களா?" என்றார் அவர். "பொய்யிங்க."

அன்று மத்தியானம் மாத்திரை வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எத்தனையோ முறை போட்ட கணக்குதான். இந்த முறை மட்டும் வேறொரு கேள்வியோடு தொடங்கினேன். எங்கள் வீட்டில் பணம் எங்கே போகிறது? லாரிக்கு டயர், இன்சூரன்ஸ், வரி, டிரைவர் சம்பளம். தோப்புக்கு முன்பணம். ஒரு வருஷம் பூ உதிர்ந்தால் நஷ்டம், ஒரு வருஷம் விலை விழுந்தால் நஷ்டம். கடந்த ஐந்து வருஷத்தில் மூன்று முறை என் பி.எஃபிலிருந்து எடுத்து அவருடைய வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தோம். பென்சிலைக் கீழே வைத்தேன். எங்கள் வீட்டில் ஓய்வு பெற வேண்டியது நான் இல்லை.

சாயங்காலம் அவர் போன் செய்தார்.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லு."

"ரிட்டேர் ஆகோணும்னா நீங்க ஆகுங்க. லாரியக் குடுத்துப் போடலாம்."



"முப்பது வருச ஏவாரம், அம்மிணி."

"தெரியுமுங்க."

"பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்கறான்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க."

"பதிமூணு வருசமாத் தவணை எதுலீங்க போச்சு? அப்ப யாரு என்ன சொன்னாங்க?"

அவர் போனை வைத்துவிட்டார்.

நான் சொன்னது உண்மைதான். ஆனால் உண்மையைத் தடியாக எடுத்து அடித்திருந்தேன். அடுத்த நாள் அவர் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காய்ச்சல் நாட்களைவிட அந்த இரண்டு நாள் எனக்குப் பெரிதாக இருந்தது. மன்னிப்புக் கேட்க நாலு முறை போனை எடுத்தேன். கேட்டால் சொன்னதையும் திரும்ப எடுத்த மாதிரி ஆகிவிடும் என்று வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அவரே பேசினார்.

"சாப்டியா?"

"ஆச்சுங்க."

"பொள்ளாச்சில ஒருத்தரு காய்கறி ஏத்தறக்கு வண்டி தேடறாராமா. ஆறு லட்சம் சொல்லிருக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நம்முளுது ஒண்ணரை ஏக்கரா தோப்பு இருக்குதல்லோ, அதை மட்டும் நானே பாத்துக்கறேன். குத்தகை வேண்டாம். அது போதுமா?"

"போதுமுங்க" என்று சொல்லி அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் பதறி எழுந்துவிட்டார், எனக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்து.

லாரியை வாங்க ஆள் வந்த அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். அவர் விடிந்ததும் வண்டியைக் கழுவினார். உள்ளே இருந்த போர்வை, தார்ப்பாய்க் கயிறு, ஜாக்கி எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்தார். "வாங்கறவனுக்கு வேணுமல்ல" என்றார். பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் சாவியைக் கொடுத்தார். வண்டி கிளம்பும்போது டிரைவரின் கதவைத் தட்டி, "பிரேக் சித்த லேட்டாப் புடிக்கும். பாத்து ஓட்டுங்க" என்றார். வண்டி திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, அன்றைக்குச் சமையல் தான்தான் என்றார். ரசத்தில் உப்பு அதிகம். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

லாரிப் பணம் ஆறு லட்சம், என் பி.எஃபிலிருந்து இரண்டரை லட்சம், இரண்டையும் கடனில் கட்டுவதென்று முடிவு செய்தோம். அதற்கு மேல் கையில் இருந்த மூன்று லட்சத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒதுக்கி, அதைத் தொடுவதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டோம். வங்கியில் மேனேஜர் கேட்டார், மாதத் தவணையைக் குறைக்க வேண்டுமா, மாதங்களைக் குறைக்க வேண்டுமா என்று. என் கணவர் என்னைப் பார்த்தார்.

"மாசத்தைக் குறைச்சுக்குங்க சார்," என்றேன். "தவணை இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

ஏழு வருஷக் கடன் பதினைந்து மாதமாகச் சுருங்கியது. எனக்கு ஓய்வு வர இருபது மாதம் இருந்தது. வெளியே வந்து பைக்கில் ஏறும் முன், பையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்துக் கிழித்தேன். "இத்தன நாளு இதை வெச்சுட்டா சுத்துன?" என்றார் அவர்.

அடுத்த வருஷம் இரண்டாம் அலை வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் வராந்தாவிலும் கட்டில் போட்டோம். புதிதாக வந்த நர்ஸ்களுக்கு நரம்பு தேடவும், பயப்படாமல் கவச உடை கழற்றவும் கற்றுக்கொடுத்தேன். என் கணவருக்கும் நோய் வந்தது. ஆறு நாள் ஆக்சிஜனில் இருந்தார். ஒதுக்கி வைத்த பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போனது. அந்த மாதத் தவணையும் தவறாமல் போனது. அவர் தேறி வீட்டுக்கு வந்ததும் சொன்னார், "லாரி இருந்திருந்தா இந்தக் காசுல இந்நேரம் அதுக்கு டயர் மாத்தீருப்பேன்."

ஒன்றரை ஏக்கர் மாமரங்களை அவர் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்திருந்தார். காயாக விற்கவில்லை. மரத்திலேயே முற்றவிட்டு, வைக்கோலில் பழுக்க வைத்து, ஐந்து கிலோ பெட்டிகளாகப் பாலக்காட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்தார். பெரிய வரும்படி இல்லை. ஆனால் அந்த வியாபாரத்தில் நஷ்டம் என்ற சொல்லை அந்த வருஷம் அவர் சொல்லவே இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்கள்கூட அவருடைய வாடிக்கையாளர்கள் ஆனார்கள்.

கடைசித் தவணை கட்டி ஒரு வாரம் கழித்து வங்கிக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஆதாரத்தை மேசையில் வைத்து, ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்க்கச் சொன்னார். என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சர்வே நம்பரிலிருந்து சாட்சிக் கையெழுத்து வரை நிதானமாகப் படித்தார். மேனேஜர் மலையாளத்தில், "இனி வீடு உங்களுடையது, சிஸ்டர்" என்றார்.

"இத்தன நாளும் எங்களுதுதானுங்க சார்," என்றார் அவர். "கடுதாசி மட்டுந்தான் இங்க இருந்துச்சு."

நாலரை மாதம் கழித்து, ஐம்பத்தாறு முடிந்து நான் ஓய்வு பெற்றேன். முழு சர்வீஸ், முழு பென்ஷன். கடைசி நாளும் வழக்கம் போல வார்டைக் கைமாற்றிக் கொடுத்தேன். எந்தக் கட்டிலில் எந்த மருந்து, யாருக்கு எப்போது ஊசி என்று சொல்லி, நோட்டில் கையெழுத்துப் போட்டேன். கிராஜுவிட்டி வந்தபோது அதைக் கேட்க எந்தக் கடனும் இல்லை. வந்த பணம் வந்தபடியே கிடந்தது. மகள் போன் செய்து, எங்கே போடப் போகிறீர்கள் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவசரப்படாமல் யோசிக்க முடிகிற பணம் எங்கள் கையில் இருந்தது அதுதான் முதல் தடவை.

அதிலிருந்து முதலில் எடுத்தது மூணாறு போக பஸ் டிக்கெட்டுக்கு. உடுமலை வழியாகப் போனோம். முப்பது வருஷம் லாரி கூடவே அலைந்த மனுஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து, சின்னாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும், ஒவ்வொரு வளைவிலும் டிரைவருக்குக் கேட்காத குரலில் யோசனை சொல்லிக்கொண்டு வந்தார். "இங்க கியர் மாத்தோணும்." "ஆரன் அடிக்கோணும்." டிரைவர் அவர் சொல்லாமலே எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். மறையூர் வருவதற்குள் இவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.